ஒரிஜினல் பக்தர்களுக்கு ஒரு ஹெரால்டுக்காரனின் பதில்

கொஞ்ச நாள் முன்னாடி கோயமுத்தூர்ல பழைய கார்க்காரங்க கூடின ஒரு இடத்துக்கு எங்க ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் ஓட்டிக்கிட்டுப் போயிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில ஒரு டார்ச் லைட்டு. பின் சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஏனுங் தம்பி, ஷாக் அப்சர்பர் புதுசுங்களா?"

"ஆமாங்கய்யா, போன வருஷம் மாத்தினதுங்க."

"அட... நல்ல வண்டியைக் கெடுத்துப் போட்டீங்களே. ஒரிஜினாலிட்டி போச்சுங்களே."

அவ்வளவுதான். அடுத்த வண்டிக்குப் போயிட்டார். சுத்தி நின்ன நாலு பேரும் எங்க வண்டியை ஒரு பரிதாபப் பார்வை பார்த்தாங்க. நான் அங்க ஒண்ணும் பேசலை. பெரியவர்கிட்ட கூட்டத்துல வெச்சு எதிர்த்துப் பேசறது எங்க வீட்டுப் பழக்கமில்லை. ஆனா பொள்ளாச்சி வந்து சேர்ற வரைக்கும் மனசுக்குள்ள அவரோட சண்டை போட்டுக்கிட்டே வந்தேன். அந்தச் சண்டைதான் இது.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடறேன். ஹெரால்டு நம்மூரு வண்டி. இங்கிலாந்துல 1959-ல ட்ரையம்ஃப் ஹெரால்டா வந்தது, வடிவம் போட்டவர் மிக்கெலாட்டிங்கற இத்தாலிக்காரர். 1961-ல இருந்து சென்னையில, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. 948 சிசி இன்ஜின். முன்பக்கம் மொத்தமும் பொட்டி மூடி மாதிரி முன்னாடி சாயும். இன்ஜின் வேலை பார்க்கறவனுக்கு அதுல உக்காந்துக்கிட்டே டீ குடிக்கலாம், அவ்வளவு இடம். ஆட்டோ மாதிரி சின்ன இடத்துல திரும்பும். எங்க அப்பாரு வாங்கினது. தேங்காய் வித்த காசு. வீட்டுல அதுக்கு இருக்கற மரியாதை எனக்குக் கிடையாது.

இப்ப பின்பக்கத்துக்கு வருவோம். அங்கதான் விஷயமே இருக்கு.

அம்பாசிடர், பியட் ரெண்டுலயும் பின்னாடி ஒரே நீளமான ஆக்சில், ரெண்டு பக்கமும் பட்டை. ஹெரால்டுல அப்படியில்லை. நடுவுல டிஃபரன்ஷியல் சேசிஸோட முறுக்கி வெச்சிருக்கும். அதுல இருந்து ரெண்டு பக்கமும் ரெண்டு அரை ஆக்சில், பறவை இறக்கை மாதிரி மேலயும் கீழயும் ஆடும். மேல குறுக்கா ஒரே ஒரு பட்டை. ஸ்விங் ஆக்சில்னு பேரு. மேடு பள்ளத்துல சுகமா இருக்கும். ஆனா வண்டியோட பின்பக்கம் மேல எகிறினா இறக்கை கீழ தொங்கும். தொங்கினா சக்கரத்தோட அடிப்பக்கம் உள்ள மடிஞ்சுக்கும். டயர் முழு அகலத்துக்கும் ரோட்டைப் பிடிக்காது, ஓரத்துல நிக்கும். அந்த நேரம் பார்த்து வளைவு வந்து, பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா, பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும்.

இது நான் கண்டுபிடிச்சதில்லை. அமெரிக்காவுல ரால்ஃப் நேடர் 1965-ல கார் கம்பெனிகளைக் கிழிச்சு ஒரு புத்தகம் போட்டாரே, அதுல முதல் அத்தியாயமே இதே மாதிரி ஆக்சில் வெச்ச செவர்லே கார்வேர் வண்டியைப் பத்தித்தான். ஹெரால்டோட தம்பி ஸ்பிட்ஃபயருக்கு 1970-ல, இந்தத் தொங்கலைக் குறைக்கறதுக்காகவே ட்ரையம்ஃப்காரங்க பட்டையோட அமைப்பை மாத்தினாங்க. நம்ம சென்னைக்காரங்க இன்னும் ஒரு படி மேல. 1972-ல கெஜல்னு ஒரு மாடல் விட்டப்ப ஸ்விங் ஆக்சிலையே தூக்கிப் போட்டுட்டு, சாதாரண ஒரே ஆக்சிலை வெச்சாங்க. செஞ்சவனே சரியில்லைன்னு மாத்தினதை நாம ஒரிஜினல்னு கும்பிடறோம்.

சரி, இதுல ஷாக் அப்சர்பருக்கு என்ன வேலை? ஸ்பிரிங் அடியை வாங்கிக்கும், ஆனா விட்டா ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்தறது ஷாக். உள்ள எண்ணெய், ஒரு பிஸ்டன், அதுல சின்னச் சின்ன வால்வு. எண்ணெய் அந்த ஓட்டை வழியா நெருக்கிக்கிட்டுப் போகும்போது ஆட்டமெல்லாம் சூடா மாறிடும். சீல் போயி எண்ணெய் ஒழுகிடுச்சுன்னா அது வெறும் இரும்புக் குழாய். எல்லா வண்டிக்கும் பொதுவா இவ்வளவுதான். ஹெரால்டுல மட்டும் பின் ஷாக்குக்கு இன்னொரு வேலை உண்டு. இறக்கை எவ்வளவு தூரம் கீழ தொங்கலாம்னு எல்லை போடறதும் அதோட நீளம்தான். இதை மனசுல வெச்சுக்குங்க.

இப்ப எங்க கதை. ரெண்டு வருஷம் முன்னாடி வால்பாறை போயிட்டுத் திரும்பி வந்தோம். அப்பா ஓட்டறார், நான் பக்கத்துல, அம்மா பின்னாடி மடியில ஒரு கூடையோட. நாப்பது கொண்டை ஊசியும் ஒழுங்கா இறங்கியாச்சு. ஒன்பதாவது வளைவுல நிறுத்தி, ஆழியாறு அணையைப் பார்த்து, குரங்குக்குப் பயந்து, எல்லாம் ஆச்சு. மலையில ஒண்ணும் ஆகலை, சமவெளியில ஆச்சு. ஆழியாறு தாண்டி பொள்ளாச்சி வர்ற ரோட்டுல ஒரு சின்னப் பாலம். பாலத்து மேடு ஏறி இறங்கின உடனே ஒரு வளைவு. வேகம் ஒண்ணும் பெருசா இல்லை, அம்பது இருக்கும். மேட்டுல பின்பக்கம் எகிறுச்சு, இறங்கவே இல்லை. எதிர்ல ஒரு டெம்போ. அப்பா காலை எடுத்தார். வண்டி சுத்துச்சு. எந்தப் பக்கம் போறோம்னே தெரியலை. நின்னப்ப பார்த்தா வந்த திசையைப் பார்த்து நிக்கறோம், பின் டயருக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல ரெண்டு தென்னைமர இடைவெளி கூட இல்லை. அம்மா சத்தமே போடலை. கூடை மட்டும் கவுந்து கிடந்தது.

அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. அறுபது வருஷ அனுபவம், தன் மேலதான் தப்புன்னு நினைச்சுட்டார். "இனி நான் ஓட்டலை கண்ணு"ன்னு சாவியை ஆணியில மாட்டிட்டார். எனக்கு அதுதான் தாங்கலை.

மறுவாரம் ஒரு தெரிஞ்ச அண்ணன் பட்டறையில வண்டியைத் தூக்கினோம். இடது பின் ஷாக்கைக் கழட்டிக் கையில பிடிச்சு இழுத்தா சைக்கிள் பம்பு மாதிரி போயிட்டு வருது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. வலது ஷாக் கொஞ்சம் தெம்பா இருந்தது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா... நீளம் வேற! வலது விரிஞ்சா விரலளவு அதிகம் நீளுது. அண்ணன் மேல இருந்த கருப்புப் பெயிண்டைச் சுரண்டினார், அடியில வேற கலர். வேற எந்த வண்டிக்கோ செஞ்சது. கண்ணு வளையத்துல ஒரு புஷ்ஷை அடிச்சுப் பொருத்தி, கருப்பு அடிச்சு, எப்பவோ எவரோ மாட்டியிருக்கார். எங்க அப்பாரு காலத்து வேலையா இருக்கணும். அந்தப் பட்டறை இப்ப இல்லை.

அதாவது இத்தனை வருஷமா நாங்க "கம்பெனி ஃபிட்டிங், கை வெக்கக்கூடாது"ன்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்த ஒரிஜினல்ல ஒண்ணு செத்தது, இன்னொண்ணு போலி. அந்த நீளமான ஷாக் வலது இறக்கையை இன்னும் கீழ தொங்க விட்டிருக்கு. டார்ச் அடிச்ச பெரியவரே, நீங்க அந்தக் கருப்புக் குழாயைப் பார்த்திருந்தா "அடடா, அப்படியே இருக்குதுங்க"ன்னு பாராட்டியிருப்பீங்க!

ஒரிஜினல்னா எது ஒரிஜினல்? டயரை மாத்தறீங்க. பேட்டரி, பிரேக் லைனிங், ஃபேன் பெல்ட் மாத்தறீங்க. 1966-ல ஊத்தின இன்ஜின் ஆயிலோடயா ஓட்டறீங்க? இதெல்லாம் தேயற சாமான். ஷாக் அப்சர்பரும் தேயற சாமான்தான். வெளிய தெரியாம தேயுதுங்கறதால அதைச் சேசிஸோட சேர்த்துக் கும்பிடறது என்ன நியாயம்? அது தேய்ஞ்சா ஒரே நாள்ல தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா ஆடும், நம்ம கையும் காலும் அதுக்குப் பழகிக்கும், "பழைய வண்டின்னா இப்படித்தான்"னு நாமளே சமாதானம் சொல்லிக்குவோம். ஹெரால்டு புதுசா வந்தப்ப இப்படி ஆடலை. செத்த ஷாக்கோட ஓட்டறவர்தான் உண்மையில ஒரிஜினலைக் கெடுத்தவர்.

சட்டம் பேசறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனிப் பதிவு விதி கொண்டுவந்தது, அம்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டிகளுக்கு. அதுல வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், பெருசா மாத்தியிருக்கக்கூடாதுன்னு இருக்கு. எதை மாத்தக்கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க: சேசிஸ், பாடி, இன்ஜின். ஷாக் அப்சர்பர் எங்க வருது? ஆர்.சி. புத்தகத்துல எந்தப் பக்கத்துல ஷாக் அப்சர்பர் நம்பர் போட்டிருக்கு, காட்டுங்க பார்க்கலாம். உலக அளவுல பழைய வண்டிக்காரங்க அமைப்பான ஃபிவா ஏத்துக்கிட்ட தூரின் சாசனமே, ரோட்டுல பாதுகாப்புக்காக மாத்தித்தான் ஆகணும்னா கொஞ்சமா மாத்து, திரும்பப் பழையபடி ஆக்கற மாதிரி மாத்துங்குது. நாங்க ஒரு ஓட்டை கூடப் புதுசாப் போடலை. நாலு போல்ட்டு கழட்டினா பழையது மாட்டிக்கலாம்.

அசையாம நிக்கற வண்டின்னா பேச்சே வேற. அவிநாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு பேருல 2015-ல திறந்த கார் மியூசியம் இருக்கே, அங்க நிக்கற வண்டியில எண்ணெய் ஒழுகின ஷாக் இருந்தாலும் ஒருத்தருக்கும் கேடில்லை. அங்க அது சரித்திரம். ஆனா அந்த நாயுடு யாருங்க? 1920-ல ஒரு மோட்டாரை வாங்கி இதே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல தானே ஓட்டினவர். கையில கிடைச்ச மெஷினையெல்லாம் பிரிச்சு, இதை விட நல்லா செய்ய முடியுமான்னு பார்த்த மனுஷன். ஜனத்தை ஏத்திக்கிட்டுப் பழனிக்கு ஓட்டறப்போ அடி வாங்கின பாகத்தை "ஒரிஜினல், இருக்கட்டும்"னு விட்டிருப்பார்னு எனக்குத் தோணலை.

இன்னொரு கோஷ்டி இருக்கு, அவங்களையும் விடறதா இல்லை. நம்ம இளவட்டங்க. ஷாக் மாத்தறேன்னு சொன்ன உடனே, "ண்ணா, ரேஸ் ஷாக்கு போடுங்ண்ணா, கல்லு மாதிரி நிக்கும்"னு வந்துட்டாங்க. தம்பிகளா, கல்லு மாதிரி நின்னா அந்த அடி எங்க போகும்? அறுபது வருஷத்துச் சேசிஸுக்குத்தான் போகும். ஷாக் மாட்டற பிராக்கெட்டுல இருந்து விரிசல் விடும். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குல சுத்தற வண்டிக்கு வேணும், கோட்டூர் ரோட்டுல காய் வாங்கப் போறதுக்கு எதுக்கு?

இதைவிட மோசம், லோடு தாங்கட்டும், அடி இடிக்காம இருக்கட்டும்னு பின்னாடி ஒரு பட்டையைச் சேர்த்து வண்டியைத் தூக்கறது. பியட்ல செஞ்சா தூக்கித் தூக்கிப் போடும், அவ்வளவுதான். ஹெரால்டுல செஞ்சீங்கன்னா நிக்கும்போதே இறக்கை தொங்கும், சக்கரம் மடிஞ்சே நிக்கும். பாலத்து மேடு கூட வேண்டியதில்லை.

நாங்க செஞ்சது ரொம்பச் சாதாரணம். வெளிநாட்டுல இந்த வண்டிக்குன்னே இன்னும் செய்யறாங்க, அதே நீளம், கொஞ்சம் மேலான வால்வு. ஒரு சொந்தக்காரர் வரும்போது பின்னாடிக்கு ஒரு ஜோடி கொண்டுவந்தார். முன்னாடி ரெண்டும் காயில் ஸ்பிரிங்குக்கு உள்ள இருக்கு, அதை இங்கயே பிரிச்சு சீல் மாத்தினோம். கோயமுத்தூர்ல லேத்துக்கா பஞ்சம்! புஷ் எல்லாம் புதுசு. அப்படியே பின் பட்டையைக் கழட்டி, தகடு தகடா பிரிச்சு, துரு சுரண்டி, கிரீஸ் போட்டு மாட்டினோம். அதுலயே பாதி வித்தியாசம் தெரிஞ்சது, சொல்லப்போனா.

வண்டி ரெடியான அன்னிக்கு அதே பாலத்துக்கு நான் தனியா ஓட்டிக்கிட்டுப் போனேன். முப்பது, நாப்பது, அப்புறம் அம்பது. பின்பக்கம் எகிறுச்சு, ஒரே தடவை உக்காந்தது, வளைஞ்சு போயிடுச்சு. திரும்பி வந்து ஆணியில இருந்த இன்னொரு சாவியை எடுத்து அப்பா முன்னாடி வெச்சேன். ரெண்டு நாள் தொடலை. மூணாம் நாள் காலையில சந்தைக்குப் போகணும்னு அவரே எடுத்துக்கிட்டுப் போனார். அம்மாவும் கூடவே ஏறிக்கிட்டாங்க, பின் சீட்டுல, கூடையோட.

பழைய ஷாக் ரெண்டும் சாக்குல கட்டிப் பரண்ல இருக்கு. டார்ச் பெரியவர் பொள்ளாச்சிப் பக்கம் வந்தா எடுத்துக் காட்டறேன். ஹெரால்டு வெச்சிருக்கறவங்க யாருக்காவது சரியான நீளம், கண்ணு வளையத்து அளவு வேணும்னா கேளுங்க, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.