பாட்டு விற்பனைக்கன்று!

மேடையேறித் தலைவரைக் கதிரவன் என்றும் கடல் என்றும் பாடிவிட்டுப் பொன்னாடையோடு இறங்குபவனைப் பாவலன் என்றழைக்கும் இழிநிலை தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. இந்நோய் முதியோரை மட்டும் பற்றியிருப்பின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் பகலெல்லாம் பொறியோடு பொறியாய் உழைத்து, இரவில் தாளும் தூவலுமாக அமரும் இளைஞனையும் அது பற்றத் தொடங்கியிருப்பதே கவலைக்குரியது. அவனது முதற்பாட்டு, தகடு வெட்டும் பொறியில் விரலிழந்த தோழனைப் பற்றியது. இரண்டாம் பாட்டோ, வட்டத் தலைவரின் பிறந்தநாள் சுவரொட்டிக்கு எழுதியது! முதற்பாட்டை எவரும் கேட்கவில்லை. இரண்டாம் பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது. மூன்றாம் பாட்டு எதனைப் பற்றியதாக இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்விளைஞன் தன் பாடத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூவிருந்தவல்லியை அடுத்துள்ள திருமழிசை, ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முன்பே அதனைக் கற்பித்த ஊராகும். அவ்வூரிற் பிறந்த திருமழிசையாழ்வார், பிரம்புத் தொழில் செய்து பிழைத்த எளிய குடியில் வளர்ந்தவர் என்று மரபுக் கதை கூறும். அவருடைய மாணாக்கர் கணிகண்ணரைப் பல்லவ வேந்தன் அழைத்துத் தன்னைப் பாடுமாறு ஏவினான். கணிகண்ணர் மறுத்தார். வேந்தன் அவரைக் காஞ்சியை விட்டே வெளியேற்றினான். மாணாக்கர் வெளியேற ஆழ்வாரும் உடன் நடந்தார். திருவெஃகாவிற் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்பது கதை. அவர்கள் ஓரிரவு தங்கிய ஊர் ஓரிருக்கை என்று இன்றும் வழங்குகின்றது.

கதையைக் கதையாகவே கொள்க. பெருமாள் நடந்தாரா என்பதன்று வினா. ஆள்வோனைப் பாட மறுத்த ஒரு நாவின் பின்னால் தெய்வமே நடக்கும் என்று கற்பனை செய்த மக்கள், பாட்டின் மதிப்பை எத்துணை உயரத்தில் வைத்திருந்தனர் என்பதே எண்ணத்தக்கது.

இம்மானவுணர்வு பத்திமைக் காலத்துக்கு மட்டும் உரியதன்று. கழகக் காலப் பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்றவர். இல்லத்தில் பசித்திருந்தோர்க்காகவே வள்ளல்களை நாடியவர். அத்தகையவரே, அதியமான் தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். பாட்டைத் தந்து பொருளைப் பெற்றுச் செல்லும் வணிகர் தாமல்லர் என்பதே அவர் கொண்ட நிலை. பசி அவர் வயிற்றைச் சுருக்கியது, நாவைச் சுருக்கவில்லை.

அவர் பெயரைத் தம் பெயராகத் தாங்கிய பாவலரேறு பெருஞ்சித்திரனாரும் (1933–1995) அவ்வழியே நடந்தார். அஞ்சல் துறையில் ஊழியம் செய்தபோது தம் பெயரில் எழுதத் தடையிருந்தமையாற் புனைபெயர் பூண்டார். 1959-இல் தென்மொழியைத் தொடங்கினார். 1965-ஆம் ஆண்டின் இந்தியெதிர்ப்புப் போரையொட்டிச் சிறைப்பட்டார். 'ஐயை'யின் முதற்பகுதி வேலூர்ச் சிறையிற்றான் உருப்பெற்றது. அரசுச் சம்பளம் போனது, பாட்டு நின்றது.

பாட்டால் குமுகாயம் மாறுமா என்று நகைப்போர் உளர். பாவேந்தர் 1937-இல் வெளியிட்ட 'புரட்சிக்கவி'யை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் மூலமான வடமொழிக் கதையில், கொலைத் தண்டனை பெற்ற பாவலன்மீது மன்னன் இரங்குகின்றான். பாவேந்தரோ அவ்விரக்கத்தைத் தூக்கியெறிந்தார். அவர் படைத்த பாவலன் கொலைக்களத்தில் நின்று மக்களை நோக்கிப் பேசுகின்றான், மக்கள் எழுகின்றனர், முடியாட்சி வீழ்கின்றது. பாட்டு எவரை நோக்கிப் பேச வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பே ஒரு பாட்டோடு பிணைந்ததன்றோ? 1916-இல் மறைமலையடிகள் வள்ளலாரின் பாட்டொன்றைத் தம் மகள் நீலாம்பிகையாருடன் பாடி மகிழ்ந்தபோது, அதிலிருந்த 'தேகம்' என்னும் சொல் நின்ற இடத்தில் 'யாக்கை' நின்றால் ஓசையும் பொருளும் இன்னும் சிறக்குமே என்று எண்ணினார். ஒரு சொல்! பல்லாவரத்து வீடொன்றில் மாறிய அவ்வொரு சொல், பின்னர்ப் பெயர்களை மாற்றியது, மேடைத்தமிழை மாற்றியது, திருமண அழைப்பிதழை மாற்றியது. தம் நாவைத் திருத்தியவர் நாட்டின் நாவையும் திருத்தினார். ஆகவே தன்னுள்ளத்தை வெளியிடுவதும் குமுகாயத்தை மாற்றுவதும் வெவ்வேறு வினைகளல்ல. ஒரே வேரின் இரு கிளைகளே.

"பாவலனும் உண்ண வேண்டாவோ?" என்று கேட்பர். வேண்டும்; ஐயமில்லை. ஆனால் பாட்டைக்கொண்டுதான் உண்ண வேண்டுமென்பதில்லை. பாவேந்தர் பள்ளியாசிரியராய்ச் சம்பளம் பெற்றார். பாவலரேறு அஞ்சல் நிலையத்தில் உழைத்தார். திருமழிசையாரை வளர்த்த வீட்டில் பிரம்பு பின்னும் கைகள் சோறிட்டன. இவ்வகையில், தலைநகரின் விருதுப் புலவனுக்கு வாய்க்காத பேறு அம்பத்தூர்த் தொழிலாளிக்கு வாய்த்திருக்கின்றது. அவன் உண்ணும் சோறு அவன் கையுழைப்பால் வந்தது. அவன் எவரையும் பாடித் தொலைக்க வேண்டிய கடனில்லை.

எனவே, இளைஞனே, விரலிழந்த தோழனைப் பற்றிய அம்முதற்பாட்டை மீண்டும் எடு. ஒப்பந்தக் கூலியின் நிலையாமையைப் பாடு. ஒரே பொறியில் உழைத்தும் ஊர் திரும்பியதும் தெருப்பிரிக்கும் சாதியைப் பாடு. அயற்சொல் வந்த இடத்தில் உன் தாயின் வாய்ச்சொல் ஒன்றைத் தேடு, கிடைக்கும். தொல்காப்பியச் செய்யுளியலைக் கற்றவரிடம் கேட்டுப் பயில். யாப்பறிந்து மீறுவது வேறு, யாப்பறியாது சிதைப்பது வேறு. எழுதியதை உணவு இடைவேளையில் உன் தோழர் நால்வர்க்குப் படித்துக் காட்டு. அவர்கள் வாய்மூடி எழுந்து போனால் திருத்து, அவருள் ஒருவன் "இது என் கதையன்றோ!" என்றால், அதுவே உனக்குப் பரிசில்.

பொன்னாடை ஒரு மழைக்கு நிறம் மாறும். பாட மறுத்தவர் தங்கிய ஊரின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றது. எது வேண்டுமென்று தமிழிளைஞன் தேர்ந்துகொள்க!