செயற்கை மூட்டும் தறிக்குழியும்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு வரும் ஆரணி நெசவாளர்கள் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். “எத்தனை வருஷம் வரும் டாக்டர்?” என்பது முதலாவது. “மறுபடியும் தறிக்குழியில இறங்கலாமா?” என்பது அடுத்தது. முதற்கேள்விக்கு எங்களிடம் எண்கள் உண்டு. இரண்டாவதற்கு அவ்வளவாக இல்லை.

செயற்கை மூட்டின் உலோகப் பகுதிகளுக்கு நடுவே பாலிஎதிலீன் தட்டு ஒன்று உள்ளது. தேய்வது பெரும்பாலும் அதுவே. உதிரும் நுண்துகள்கள் நாளடைவில் எலும்பை அரித்து மூட்டைத் தளர்த்தக்கூடும். ஆகவே மூட்டை இயந்திரத்தில் பொருத்தி, 37 டிகிரி வெப்பத்தில், நீர்த்த கன்றுச் சீரத்தில் மூழ்கவைத்து, விநாடிக்கு ஒருமுறை வீதம் ‘நடக்க’ வைக்கின்றனர். ஐ.எஸ்.ஓ. 14243 என்னும் சர்வதேசத் தரத்தின்படி 50 லட்சம் சுழற்சிகள். இடையிடையே தட்டை எடை போட்டு, குறைந்த அளவைத் தேய்மானமாகக் கொள்கின்றனர். தட்டு திரவத்தை உறிஞ்சுவதால், சும்மா ஊறவைத்த இன்னொரு தட்டோடு ஒப்பிட்டே கணக்கிடுவர். ஈரக்காற்றில் பட்டின் எடை கூடுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த இயந்திரம் நடப்பதெல்லாம் சமதளத்தில்தான். பெர்லினில் ஐந்து நோயாளிகளுக்கு உணர்கருவி கொண்ட மூட்டுகளைப் பொருத்தி அளந்த முடிவுகள் 2010இல் வெளியாயின. நடக்கையில் உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு விசை. படியிறங்குகையில் சுமார் 3.5 மடங்கு. தறியில் மிதிப்பதைக் காட்டிலும், குழியிலிருந்து கையூன்றி எழுவதே எங்களுக்குக் கவலையளிக்கிறது. முழங்கால் மிகுதியாக மடங்கும்போது, பல வடிவமைப்புகளில் தொடும் பரப்பு சுருங்கித் தட்டின் பின்பகுதியில் பாரம் குவிகிறது.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக ரூ.54,720. அதன்பின் நோயாளிகள் விலையைத் துணிந்து கேட்கின்றனர். எந்த அசைவுகளுக்குச் சோதிக்கப்பட்டது என்று கேட்பவர் அரிது. சொல்லும் வழக்கம் எங்களிடமும் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறோம். தரையில் அமர்ந்தெழும் மக்களுக்கு விற்கப்படும் மூட்டு, அந்த அசைவுக்கும் சோதிக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அதுவரை, அறுவை சிகிச்சைக்கு முன்பே எங்களிடம் சொல்லுங்கள்: வீட்டில் எத்தனை படிகள், கழிப்பறை எவ்வகை, ஒரு நாளில் எத்தனை முறை குழியில் இறங்கி ஏறுகிறீர்கள் என்று. தறியைத் தரைக்கு மேல் உயர்த்தி அமைக்க முடியுமா என்பதையும் வீட்டாரோடு சேர்ந்து பேசுவோம்.