ஊதச் சொல்லும் கருவிக்கும் வேண்டும் சோதனை!

வாகன ஓட்டிகளைப் போலீஸார் ஊதச் சொல்லும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். ஊதிய சில நொடிகளில் திரையில் ஓர் எண் வந்துவிடும். சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில், அந்த எண் எப்படி வருகிறது என்பதில்தான் என் அக்கறை.

தரமான கருவிகளில் இருப்பது ஃப்யூயல் செல் சென்சார். இரண்டு பிளாட்டினம் மின்முனைகளும் நடுவே அமிலம் ஊறிய தட்டும் கொண்டது இது. மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டினத்தில் பட்டு அசிட்டிக் அமிலமாக மாறும்போது மின்னோட்டம் உண்டாகிறது. ஆல்கஹால் கூடினால் மின்சாரமும் கூடும். மலிவான கருவிகளிலுள்ள செமிகண்டக்டர் சென்சாரோ சிகரெட் புகை, அசிட்டோன் ஆகியவற்றுக்கும் ஏமாறும்.

ஆனால் அளக்க வேண்டியது மிகச் சிறிய அளவு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி வரம்பு, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ரத்தத்துக்கும் மூச்சுக்கும் வழக்கமாகக் கொள்ளும் 2100-க்கு 1 என்ற விகிதத்தில் கணக்கிட்டால், 1 மி.லி. மூச்சில் இருப்பது ஒரு மில்லிகிராமில் சுமார் 7000-ல் ஒரு பங்குதான்! இதைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சென்சார் பழசாகும்போது மின்னோட்டத்தின் உச்சம் குறையும். அது அடங்கவும் நேரமாகும். எனவே நல்ல டிசைனில் உச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை. வரைகோட்டுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பைக் கூட்டுவார்கள். இது முழுக்க சாஃப்ட்வேரின் வேலை.

சாஃப்ட்வேர் என்றால் பிழையும் இருக்கும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் அல்கோடெஸ்ட் 7110 கருவியின் சோர்ஸ் கோடை நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். மூன்றாவது முறை ஊத வேண்டி வந்தால் தவறான முடிவு தரக்கூடிய பஃபர் ஓவர்ஃப்ளோ பிழை ஒன்று சிக்கியது. 2008-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கருவியை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பிழையைத் திருத்தவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலிபரேஷன் செய்யவும் உத்தரவிட்டது.

குடித்துவிட்டு ஓட்டுபவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் தப்பாமல் இருக்கவும் கருவி சரியாக இருக்க வேண்டுமே! கடைசியாகக் காலிபரேஷன் செய்த தேதி ஒவ்வொரு ரசீதிலும் அச்சாக வேண்டும். கம்பெனிக்குத் தொடர்பில்லாத நிபுணர்கள் சோர்ஸ் கோடைப் பார்க்க வழி வேண்டும். தொழில் ரகசியம் என்றால், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தோடு பார்க்கட்டும்.

காய்கறி நிறுக்கும் தராசிலேயே முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய எண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?