வண்டி இருக்கிறது, குதிரை எங்கே?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய வண்டிகளைச் சேர்த்து வைப்பதில் மிகுந்த பிரியமுள்ள கனவான்கள் அநேகர் இருக்கிறார்கள். பால் வண்டி, ரொட்டி வண்டி, ஐஸ் வண்டி என்று ஒரு காலத்தில் வீடு வீடாய்ச் சரக்குக் கொடுத்துவந்த வண்டிகளையெல்லாம் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, கடைக்காரர் பெயரைத் தங்க எழுத்தில் மறுபடியும் தீட்டிப் பொருட்காட்சி சாலைகளில் நிறுத்தியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு வெகு நேர்த்திதான். ஆனால், ஏர்க்கால்கள் இரண்டுக்கும் நடுவே வெறுங்காற்றுதான் நிற்கிறது!

பால் வண்டியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் நடுப்பாகத்தை மிகவும் தாழ்வாக அமைத்திருப்பார்கள். பால்காரன் ஏறுவதும் இறங்குவதும் ஒரே அடியில் முடிய வேண்டும் என்பது நோக்கம். அவன் புட்டிகளை எடுத்துக்கொண்டு நாலு வீடு நடந்து திரும்புவதற்குள், குதிரை தானாகவே நகர்ந்து போய் ஐந்தாவது வீட்டு வாசலில் காத்திருக்கும். கடிவாளத்தைத் தொட வேண்டியதில்லை, அதட்ட வேண்டியதில்லை. எந்த வீட்டில் நிற்பது, எந்த வீட்டைத் தாண்டிப் போவது என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். விடியற்காலையில் ஊரார் தூக்கம் கலையக் கூடாதென்று சில குதிரைகளுக்கு ரப்பர் லாடம் அடித்ததும் உண்டு. பிற்காலத்தில் மோட்டார் வண்டி வந்தது, வேகமாய் ஓடிற்று, ஆனால், கூப்பிடாமல் அடுத்த வாசலுக்கு வரும் சாமர்த்தியம் மட்டும் அதனிடம் இல்லை.

ஐஸ் வண்டியின் கதை வேறு. வேண்டியவர்கள் வீட்டு ஜன்னலில் ஓர் அட்டையைத் தொங்க விடுவார்கள். அதன் நான்கு பக்கமும் 25, 50, 75, 100 என்று ராத்தல் கணக்குப் போட்டிருக்கும். எந்த எண் மேலே இருக்கிறதோ, அந்த எடைப் பாளம் உள்ளே போகும். கோடை வெயிலில் அத்தனை பாரத்தையும் இழுத்தது யார் என்று அட்டையைத் திருப்பிய அம்மாள் யோசித்திருப்பாளா? சந்தேகந்தான்.

யோசிக்க வேண்டிய காலம் 1872-ல் வந்தது. அவ்வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் கானடாவில் டொராண்டோ நகருக்கு அருகே குதிரைகளுக்கு ஒருவித விஷ ஜுரம் கண்டது. இருமல், மூக்கில் நீர், நிற்கவும் தள்ளாமை. சில வாரங்களுக்குள் நியூயார்க்கும் பாஸ்டனும் படுத்துவிட்டன. குதிரைகளில் பெரும்பாலானவை பிழைத்தன என்றாலும், எழுந்து நிற்க நாட்கள் பல ஆயின. நீராவி ரெயில் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆனால், ரெயில் கொண்டுவந்து இறக்கிய மூட்டைகளை ஸ்டேஷனிலிருந்து கடைக்கு இழுக்க ஆள் இல்லை! நியூயார்க் வீதிகளில் எருதுகளைப் பூட்டிப் பார்த்தார்கள். சில இடங்களில் மனிதர்களே வண்டியில் தங்களைப் பூட்டிக் கொண்டார்கள்.

நோயுற்ற குதிரைகளையும் அடித்து ஓட்டியவர்கள் இருந்தார்கள். 1866-ல் ஜீவஹிம்சை நிவாரணச் சங்கத்தை அங்கே ஸ்தாபித்த ஹென்றி பெர்க் என்பவர், நடுவீதியில் நின்று அத்தகைய வண்டிகளை மறித்துக் குதிரைகளை லாயத்துக்குத் திருப்பி அனுப்பினார். பிரயாணிகள் அவரை வாழ்த்தியிருக்க மாட்டார்கள்.

நவம்பர் 9-ந் தேதி இரவு பாஸ்டனில் பெருந்தீ பிடித்தது. நெருப்பணைக்கும் இயந்திரங்களை மனிதர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். 65 ஏக்கர் நிலத்தில் 776 கட்டடங்கள் சாம்பலாயின. குதிரைகளின் நோயால்தான் ஊர் எரிந்தது என்று பலர் சொன்னார்கள். அது அவ்வளவு நியாயமல்ல. கயிறு இழுத்ததால் ஏற்பட்ட தாமதம் சில நிமிஷங்களே என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. குறுகலான தெருக்கள், மரத்தால் அமைந்த மேற்கூரைகள், குழாயில் போதிய நீர் வேகம் இல்லாமை ஆகியவையே பெரிய குற்றவாளிகள். பேசத் தெரியாத பிராணியின் மேல் பழி போடுவது எல்லாருக்கும் சுலபமாயிருந்தது.

லண்டன்காரர்கள் இவ்விஷயத்தில் நல்ல யுக்தி ஒன்று செய்தார்கள். நகரத்தில் பாரம் இழுக்கும் குதிரைகளை வண்டிக்காரர்கள் நன்றாய்ப் பராமரிக்க வேண்டுமென்பதற்காகவே 1885-ல் ஓர் அணிவகுப்பை ஆரம்பித்தார்கள். 1904-ல், சற்று இலேசான சரக்கு வண்டிகளை இழுக்கும் குதிரைகளுக்கும் தனியாக ஒன்று ஏற்பட்டது. வேலைக் குதிரைகள் குறைந்துபோன பிறகு, 1966-ல், இரண்டும் ஒன்றாயின. அந்த அணிவகுப்பில் வண்டியின் தங்க எழுத்துக்கு மட்டுமின்றி, ஏர்க்கால்களுக்கு நடுவே நிற்பவருக்கும் மரியாதை உண்டு.