டர்போ காருக்குத் தண்ணீர் போதும்

டர்போ பொருத்திய பெட்ரோல் கார் மதுரையில் இன்று அபூர்வப் பொருளன்று. நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கும் சிறிய வண்டிகளிலும், ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இன்ஜினோடு டர்போவும் சேர்ந்து வந்துவிட்டது. அதன் பின்னாலேயே, அந்த இன்ஜினிலிருந்து இன்னும் சிறிது சக்தியைப் பெற்றுவிட வேண்டும் என்ற ஆசையும் வந்துவிட்டது. பட்டறைகளில் ரீமேப் என்று சொல்லப்படும் கணினித் திருத்தத்தைச் செய்துகொண்ட இளைஞர்களில் சிலர், அதற்கு அடுத்த படியாக, தண்ணீரையும் மெத்தனாலையும் கலந்து, இன்ஜினுக்குள் செல்லும் காற்றில் நுண்ணிய திவலைகளாகப் பீய்ச்சும் சாதனத்தைத் தருவித்துப் பொருத்துவது பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதை இளம் பிராயத்தின் வீண் சபலம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. இதன் உள்ளே இருக்கும் விஞ்ஞானம் மெய்யானது. மதுரைச் சீமையின் உஷ்ணத்துக்கு, குளிர் நாடுகளைக் காட்டிலும் அதிகமாகவே பொருந்துவது. ஆனால் அந்தக் கலவையில் பாதியாக இருக்கும் மெத்தனால் நமக்கு வேண்டியதில்லை என்பதும், அந்தச் சாதனத்தைப் பரிசோதிக்கும் இடம் சுற்றுச்சாலை அன்று என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

டர்போ செய்யும் காரியம் எளியது: வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே வரும் காற்றை நசுக்கி, சிறிய சிலிண்டருக்குள் மிகுதியான காற்றைத் திணிப்பது. நசுக்கப்பட்ட காற்று சூடேறுவது இயற்கையின் நியதி. சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையின் பிற்பகல் உஷ்ணம் 40 டிகிரியைத் தொடும்போது, அந்தக் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு நசுக்கினால், டர்போவில் காற்றை நசுக்கும் பாகமான கம்ப்ரஸரின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், வெளிவரும் காற்றின் உஷ்ணம் 130 டிகிரியைத் தாண்டிவிடும். நசுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதைக் குறைக்கும் என்றாலும், சுற்றியிருக்கும் காற்றின் உஷ்ணத்துக்குக் கீழே அதனால் ஒருபோதும் குறைக்க இயலாது. கோரிப்பாளையம் சந்திப்பில் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கும் வண்டியில், எதிர்க்காற்றே இல்லாதபோது, அதன் பயன் இன்னும் சுருங்கிப்போகும். இவ்விதம் சூடேறிய காற்றோடு கலந்த பெட்ரோல், தீப்பொறி பற்றவைத்த சுவாலை வந்து சேர்வதற்கு முன்பே சிலிண்டரின் மூலையில் தானாக வெடித்துவிடுகிறது. மெக்கானிக்குகள் ‘நாக் அடிக்கிறது’ என்று சொல்லும் அந்தச் சத்தம், அவ்வெடிப்பின் அழுத்த அலைகள் சிலிண்டர்ச் சுவரிலும் பிஸ்டனிலும் மோதும் சத்தம். இன்றைய கார்களின் கணினி அதைக் கேட்டவுடன் தீப்பொறியைத் தாமதப்படுத்தித் தற்காத்துக்கொள்கிறது. அதனால்தான், கார்த்திகையில் துள்ளி ஓடிய வண்டி கத்திரி வெயிலில் பிக்கப் இல்லாமல் தளர்ந்துபோகிறது.

தண்ணீர் இங்கேதான் துணைக்கு வருகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்கிறது. பெட்ரோல் அதே காரியத்துக்கு 350 கிலோஜூல் அளவே உட்கொள்கிறது. நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் மண்பானை எந்த நியதியால் குளிர்கிறதோ, அதே நியதிதான் இன்ஜினுக்குள்ளும். எரியும் பெட்ரோலின் எடையில் 15 விழுக்காடு தண்ணீரைக் காற்றில் தெளித்து, அது முழுவதும் ஆவியானால், காற்றின் உஷ்ணம் 20 முதல் 25 டிகிரி வரை இறங்கும் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பௌதிகம் கற்ற எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆவியாகாமல் மிஞ்சுவது சிலிண்டருக்குள் சென்று ஆவியாகி, அங்கே வெடிப்பை அடக்குகிறது.

இந்த யுக்தி புதிதன்று. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன், 1913-ஆம் ஆண்டிலேயே, வாயு இன்ஜின்களின் சிலிண்டருக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் முறையை விவரித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில், அமெரிக்கப் போர் விமானங்களின் பிராட் அண்டு விட்னி இன்ஜின்களிலும், ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களின் டெய்ம்லர் பென்ஸ் இன்ஜின்களிலும், அவசர வேளையில் சில நிமிஷங்களுக்கு மட்டும் அதிக சக்தி தரும் பொருட்டுத் தண்ணீர்–மெத்தனால் கலவை பயன்பட்டது. சாலைக்கு அதைக் கொண்டுவந்தது 1962-இல் அமெரிக்காவில் வெளியான ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் கார். ‘டர்போ ராக்கெட் திரவம்’ என்று பெயரிட்டுச் சமபாகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து அதன் தொட்டியில் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பும் சிரத்தை வண்டி வாங்கியவர்களுக்கு இல்லாமற்போகவே, அந்தக் கார் இரண்டே ஆண்டுகளில் மறைந்தது. பிறகு, 1980-களில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரெனோவும் ஃபெராரியும் தண்ணீரைப் பயன்படுத்தின. நம் காலத்தில், பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் என்ற கார், பின்பெட்டியில் ஐந்து லிட்டர் தொட்டியுடன் 500 குதிரை சக்தியை எட்டியது. அந்தத் தொட்டியில் இருப்பது வெறும் தண்ணீர். மெத்தனால் ஒரு சொட்டும் இல்லை.

அப்படியானால் மெத்தனால் இந்தக் கலவைக்குள் ஏன் வந்தது? உயரப் பறக்கும் விமானத்தில், பூஜ்ய டிகிரிக்கு மிகக் கீழான குளிரில், தொட்டியிலும் குழாயிலும் தண்ணீர் உறைந்துபோகாமல் காப்பது அதன் முதற்காரியம். அமெரிக்காவிலும் கனடாவிலும், முன்கண்ணாடி கழுவுவதற்கென்று கடைகளில் விற்கும் திரவத்திலேயே, உறையாதிருக்கும் பொருட்டு மெத்தனால் கலந்திருப்பதால், அங்குள்ள ஆர்வலர்கள் அதையே எடுத்துத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளும் வழக்கமும் ஏற்பட்டது. மதுரைச் சமவெளியில் எந்த மார்கழி இரவிலும் தண்ணீர் உறைந்ததில்லை. நம் கார்களின் கண்ணாடி கழுவும் தொட்டியில் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். குளிர் நாட்டின் அவசியத்தினால் பிறந்த ஒரு செய்முறையை, அந்த அவசியமே இல்லாத பூமியில் அப்படியே பின்பற்றுவதற்கு என்ன முகாந்திரம்? மெத்தனால் தானும் எரிபொருளாதலால் சிறிது சக்தியைக் கூட்டும் என்பதையும், நாக் அடிப்பதைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் அதற்கு உயர்ந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் குளிர்விக்கும் ஆற்றலில் அது தண்ணீருக்குச் சரிபாதி. கிலோவுக்குச் சுமார் 1,100 கிலோஜூல் மட்டுமே. நம்மை வாட்டுவது உஷ்ணமானால், அந்த உஷ்ணத்துக்கு ஏற்ற மருந்து தண்ணீர்தான்.

மெத்தனாலின் மற்றொரு முகத்தைத் தமிழ்நாடு நன்றாக அறியும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மாண்டவர்களை நாம் இன்னும் மறக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உடலுக்குள் சென்ற மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கிறது; பிழைத்தவர்களிலும் பலர் பார்வை இழக்கிறார்கள். குடித்தால்தான் என்பதில்லை, தோலின் வழியாகவும் ஆவியின் வழியாகவும் அது உடலுக்குள் செல்லும். வெறும் 11, 12 டிகிரியிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை அது வெளியிடுகிறது என்பதையும், எரியும்போது அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் எண்ணிப்பாருங்கள்: 40 டிகிரி வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில், பிளாஸ்டிக் தொட்டியில், குழந்தைகள் அமரும் இருக்கைக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு பிரயாணம் செய்வது எத்தகைய காரியம்? தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருப்பதற்கும் வாங்குவதற்கும் 1959-ஆம் ஆண்டின் விதிகளின்படி உரிமம் வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்று வேகப்பிரியர்களில் யாரேனும் கேட்பார்களானால், அதை எதிர்ப்போரில் நான் முதல்வனாக நிற்பேன். உரிமமற்ற வியாபாரம் எந்த வடிவில் தொடங்கினாலும், அதன் கசிவு கடைசியில் ஏழையின் குவளையைத்தான் சென்றடைகிறது என்பதை இரண்டு கோடைகள் நமக்குக் காட்டியிருக்கின்றன.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். சாதனத்தைப் பொருத்திவிட்டு, மேலூர்ச் சாலையில் ஒரு தடவை மிதித்துப் பார்த்து, ‘வண்டி நன்றாக இழுக்கிறது’ என்று சொல்வது பரிசோதனை ஆகாது. வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ என்ற இயந்திரத்தின் உருளைகள்மேல் அதை நிறுத்தி, சாதனம் இல்லாமல் பலமுறை ஓட்டி அளவெடுத்து, பிறகு தண்ணீரோடு அதே கியரில், அதே உஷ்ணத்தில் ஓட்டி, உட்செல்லும் காற்றின் உஷ்ணம் எவ்வளவு இறங்கிற்று, கணினி தீப்பொறியை எவ்வளவு தாமதப்படுத்திற்று, வெளியேறும் புகையின் சூடு எவ்வளவு என்பவற்றைக் குறித்துவைத்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறை. அதிலும் பிரதானமான பரிசோதனை ஒன்று உண்டு. உற்சாகத்தில் எல்லோரும் மறந்துவிடுவதும் அதுவே. தெளிப்பு திடீரென்று நின்றுபோனால் இன்ஜின் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும் என்ற நம்பிக்கையில் டர்போவின் அழுத்தமாகிய பூஸ்டை உயர்த்தி, தீப்பொறியை முன்னேற்றி ரீமேப் செய்த வண்டியில், பம்பு பழுதாகிவிட்டாலோ, தொட்டி காலியாகிவிட்டாலோ, தண்ணீரைத் தெளிக்கும் நாசில் அடைத்துக்கொண்டாலோ, சில விநாடிகளில் பிஸ்டன் உடைந்துவிடக்கூடும். அந்த ஜெட்ஃபயர் காரைச் செய்தவர்கள் 1962-இலேயே, திரவம் தீர்ந்தவுடன் பூஸ்டைக் குறைத்துவிடும் ஏற்பாட்டையும், ஓட்டுபவருக்கு அறிவிக்கும் விளக்கையும் வைத்திருந்தார்கள். இன்று பெட்டியில் வந்து இறங்கும் சாதனத்தில் அத்தகைய தற்காப்பு உண்டா, அது நம் காரின் கணினியோடு பேசுமா என்பதை, பம்பின் வயரை வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் அறியலாம். அதை ஆள் நடமாடும் சாலையில் எவரும் செய்யலாகாது.

நாசில் அடைப்பு என்பது மதுரையில் வெறும் கற்பனை அன்று. நம் ஆழ்துளைக் கிணறுகளில் பல உப்புத் தண்ணீரைத் தருகின்றன. பாத்திரத்தில் வெண்மையாகப் படியும் அந்தச் சுண்ணாம்பு, தலைமயிர் அளவே துவாரமுள்ள நாசிலை எத்தனை நாள் விட்டுவைக்கும்? பெட்ரோல் பங்கில் பாட்டரிக்கு விற்கும் வாலை வடித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் அந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது சொற்பமே. கப்பலூர்ச் சுற்றுச்சாலையிலும், 2023-இல் திறக்கப்பட்ட நத்தம் உயர்மட்டப் பாலத்திலும் செல்கிறவர்கள், பால் வண்டிக்காரரும் இரவு வேலை முடிந்து திரும்பும் தொழிலாளியும் ஆவர். பிறருடைய பரிசோதனைக்கு உட்பட அவர்கள் இசைந்தவர்கள் அல்லர். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வேகத்துக்கென்றே அமைந்த ஓடுதளங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன: கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ஒன்று, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மற்றொன்று. ஆனால் மதுரை இளைஞன் ஓர் அளவெடுப்பதற்காகச் செட்டிப்பாளையத்துக்குச் சுமார் இருநூறு கிலோமீட்டர் செல்ல வேண்டியிருக்கிறது என்பதே நான் சுட்டிக்காட்ட விரும்பும் குறை.

இந்த ஊருக்கு அளவெடுக்கும் வசதி ஒன்று உரிமையாகவே சேர வேண்டும். 1911-இல் நிறுவனத்தைத் தொடங்கி, மதுரையை மையமாகக் கொண்டு மோட்டார்த் தொழிலை வளர்த்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து அதிலிருந்து எழும் வாயுவால் பஸ்களை ஓட்டும் கேஸ் பிளாண்டைத் தயாரித்தளித்தார். பஸ்ஸின் பின்புறத்தில் கொதிகலன் போல நின்ற அந்தச் சாதனத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் சிலர் இன்னும் இருக்கக்கூடும். அந்த வாயுவில் கார்பன் மோனாக்ஸைடு என்ற கொடிய விஷம் இருந்தது. பெட்ரோல் தந்த சக்தியையும் அது தரவில்லை. இருந்தும், பயிற்சி பெற்ற கைகள் பட்டறையின் ஒழுங்குக்குள் அதைக் கையாண்டதனால், அது ஜனங்களைச் சுமந்து சென்றது. எரிபொருளோடு பரிசோதனை செய்யும் துணிவு மதுரைக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே என் கோரிக்கை இது. திருப்பரங்குன்றத்தில் 1957-இல் தோன்றிய தியாகராசர் பொறியியற் கல்லூரி போன்ற ஒரு கல்வி ஸ்தாபனமோ, கப்பலூர்த் தொழிற்பேட்டையின் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடியோ, கட்டணம் செலுத்தி எவரும் பயன்படுத்தத்தக்க ஒரு டைனோக் கூடத்தை மதுரையில் நிறுவ வேண்டும். பட்டறை மெக்கானிக்குகளுக்கு அங்கே அளவெடுக்கும் முறையைக் கற்பிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தண்ணீர் மட்டுமே அங்கே அனுமதிக்கப்பட வேண்டும். இன்னொன்றையும் வற்புறுத்துவேன். வெளிநாட்டுக் கூடங்களில், பரிசோதனை எந்த உஷ்ணத்தில் நடந்திருந்தாலும், முடிவைக் காற்று 25 டிகிரியில் இருந்ததுபோலத் திருத்திக் கணக்கிட்டு அச்சிடுவது வழக்கம். வெவ்வேறு ஊர்களின் அளவுகளை ஒப்பிட அது உதவும் என்றாலும், வெயில் பறித்துக்கொண்ட சக்தி எவ்வளவு, தண்ணீர் மீட்டுத் தந்தது எவ்வளவு என்ற நமக்கு வேண்டிய செய்தி அந்தத் திருத்தத்துக்குள் மறைந்துவிடும். மதுரைக் கூடத்தின் பரிசோதனைகள் மே மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் நடக்கட்டும். அன்றைய காற்றின் உஷ்ணத்தோடு, திருத்தம் செய்யாத எண்கள், தெளிப்பு நின்றபோது இன்ஜின் நடந்துகொண்ட விதம் உட்பட, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி தமிழில் வெளியாகட்டும்.