பதிவேட்டில் இல்லாத நாய்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

நம் ஊர் உரக்கிடங்கு வாசலில் கட்டப்பட்டிருக்கும் நாயைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுத்தேன். மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நாய் அதே இடத்தில்தான் நிற்கிறது. காதுகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் ஊரறிய எழுதுகிறேன், ஐயா. சட்டம், விதி எதையும் உங்களுக்கு எடுத்துச் சொல்லப்போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த ஒரு நாய்க்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

செவலை நிறத்து நாட்டு நாய். அங்கே வேலை செய்பவர்கள் மணி என்று கூப்பிடுகிறார்கள். தரம் பிரித்து வைத்த இரும்பும் பிளாஸ்டிக்கும் இரவில் திருடு போகிறதென்று குட்டியாகத் தூக்கிவந்து கட்டிய நாய். இரும்புக் கம்பம், ஓர் ஆள் உயரம்கூட இல்லாத சங்கிலி, மேலே தகரத் துண்டு ஒன்று. அந்தத் தகரத்தின் நிழல் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் விழுகிறது. இரண்டு பக்கத்துக்கும் சங்கிலி எட்டுவதில்லை. கம்பத்துக்குப் பின்னாலேயே வாரச் சந்தைக் கழிவு. சந்தை கலைந்ததும் லாரியில் வந்து கொட்டப்படும் வைக்கோல், மாட்டு மூத்திரமும் சாணமும் ஊறியபடி மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

மணியின் காதைக் கடிக்கும் ஈக்களைப் பற்றிச் சொன்னதற்கு, “ஈ எங்கதான் சார் இல்ல?” என்று உங்கள் சுகாதார ஆய்வாளர் கேட்டார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இது சோற்றில் மொய்க்கும் ஈ இல்லை. பார்வைக்கு அதே போல இருந்தாலும், இதன் முகத்துக்கு முன்னால் கூரான குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தொழுவத்தில் மாட்டின் காலைக் கடித்து அதை ஓயாமல் உதைக்கவைப்பது இந்த ஈதான். கொசுவிலாவது பெண் மட்டும்தான் ரத்தம் குடிக்கும். இதில் ஆணும் குடிக்கும், பெண்ணும் குடிக்கும். மாட்டுக்குக் காலைத் தேடுகிற ஈ, நாய்க்குக் காதைத் தேடுகிறது. நிமிர்ந்த காது என்றால் நுனியில் கடிக்கும், மடிந்த காது என்றால் மடிப்பில் கடிக்கும். மணிக்கு நிமிர்ந்த காது.

இந்த ஈ பெருகுவதற்குச் சாணம் கலந்த ஈர வைக்கோலைவிடத் தோதான இடம் கிடையாது. நம் ஊர் வெயிலில் முட்டை ஈயாகிப் பறக்க இரண்டு மூன்று வாரம் போதும். குவியலை முறையாகக் கிளறிவிட்டால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும், புழு பிழைக்காது. உரக்கிடங்கு நடத்துகிற உங்களுக்கு இது பாலபாடம். அந்த வைக்கோலை யாரும் கிளறுவதில்லை, அகற்றுவதும் இல்லை. ஆக, ஈயை வளர்ப்பது நகராட்சி. அதன் வாய்க்கு நேராக நாயைக் கட்டிவைத்திருப்பதும் நகராட்சி.

தெருவில் திரிகிற நாயையும் இதே ஈ கடிக்கத்தான் செய்கிறது. அது எழுந்து ஓடும், லாரிக்கடியில் மண்ணைப் பறித்துப் படுக்கும், இருட்டு மூலை தேடிப் புகுந்துகொள்ளும். வெளிச்சத்தில் திரிகிற இந்த ஈ இருண்ட இடத்துக்குள் அவ்வளவாகத் தொடர்ந்து வராது. இதை எந்த நாய்க்கும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மணிக்கும் தெரியும். காலையில் வெயில் ஏறும்போதும் மறுபடி மாலையிலும் ஈக்கள் சூழ்ந்துகொள்ளும்போது, பத்தடி தள்ளியிருக்கும் கருவிகள் அறையின் திறந்த கதவைப் பார்த்துப் பார்த்து இழுக்கிறது. கழுத்தில் முடி உதிர்ந்து வளையமாகத் தழும்பு விழுந்துவிட்டது. தலையை உதறி உதறிப் பக்கத்துச் சுவரெல்லாம் ரத்தத் துளிகள். நீங்கள் ஆய்வுக்கு வந்த அன்று அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். நாயை அன்று குடோனுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள்.

ஐப்பசி மழையில் இடது காது அழுகத் தொடங்கியது. காயம் திறந்திருந்தால் வேறொரு ஈ வந்து அதன் ஓரத்தில் முட்டையிடும். ஒரே நாளில் பொரிந்து, அந்தப் புழு உயிருள்ள சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். “காதுல கொஞ்சம் பினாயில ஊத்துங்க, சரியாப்போயிடும்” என்று உங்கள் மேற்பார்வையாளர் சொல்ல, ஊற்றவும் ஊற்றினார்கள். பினாயில் நாய்க்கு விஷம் என்பது தரை கழுவுகிறவர்களுக்கே தெரியும். திறந்த புண்ணில் அதை வாங்கிய நாய் அன்று இரவெல்லாம் போட்ட சத்தத்தில் எங்கள் தெருவில் ஒருவரும் தூங்கவில்லை.

அங்கே வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர்தான் மறுநாள் அதை ஒரு குட்டியானையில் ஏற்றிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார். வண்டி வாடகை அவர் கைக்காசு. ஒப்பந்தக் கூலி வாங்குகிறவர் அவர். மருத்துவர் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மருந்து போட்டு, ஊசி போட்டு அனுப்பினார். காயம் ஆறும்வரை ஈ அண்டாத இருட்டறையில் வைக்க வேண்டும், பகலில் வெளியே கட்டவே கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் பார்த்தேன். உங்கள் மேற்பார்வையாளரும் பார்த்தார். அன்று மாலையே நாயை அதே கம்பத்தில் கட்டினார்.

அந்த அம்மா விடவில்லை. தினமும் காலையில் காதில் வேப்பெண்ணெய் தடவினார். அது சில மணி நேரம்தான் தாங்கும் என்பதால் மதியம் மறுபடி தடவினார். வெயில் ஏறியதும் சங்கிலியை அவிழ்த்துக் கருவிகள் அறைக்குள் விட்டார். புண் காயத் தொடங்கியது. இதைக் கண்டுபிடித்து உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சங்கிலிக்குப் பூட்டுப் போட்டார்கள். குவியலைக் கிளற ஆள் இல்லாத நகராட்சியில், வைக்கோலை அள்ள வண்டி இல்லாத நகராட்சியில், ஒரு நாய் நிழலுக்குப் போய்விடாமல் தடுக்கப் பூட்டு வாங்க மட்டும் பணம் இருந்திருக்கிறது. வேலைக்கு இடைஞ்சல் செய்வதாக அந்த அம்மாவுக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்கள்.

இதை நேரில் வந்து கேட்டபோது உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில்: “அது நகராட்சி நாய் இல்லீங்க. எங்க ரெஜிஸ்டர்ல அப்படி எதுவும் கிடையாது.” பதிவேட்டில் இல்லாத நாய் நகராட்சிக் கம்பத்தில், நகராட்சிச் சங்கிலியில், நகராட்சிப் பூட்டோடு எப்படி நிற்கிறது? அது இரவில் குரைத்துக் காப்பாற்றுகிற இரும்புக்கு உங்களிடம் கணக்கு இருக்கிறதே!

சட்டத்தை எடுத்துச் சொல்லப்போவதில்லை என்றேன்; அது வந்த கதையை மட்டும் நினைவூட்டுகிறேன். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், வாயில்லாப் பிராணிகளுக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு சொன்ன வார்த்தையை நம்பித்தான் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. மதுரையில் பிறந்த அந்தப் பெண்மணி நாடாளுமன்றத்தில் நின்று பேசியதன் பலன், தமிழ்நாட்டின் ஒரு நகராட்சி வாசலில், ஒரு கம்பத்தடியில், இப்படி முடிய வேண்டுமா? உங்கள் பிள்ளைகளை அழைத்துவந்து அந்த நாயைக் காட்ட உங்களால் முடியுமா? அதன் காது ஏன் இப்படி இருக்கிறது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மருந்தகம் கட்டச் சொல்லவில்லை, நிதி ஒதுக்கச் சொல்லவில்லை. ஈயை விரட்டும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு நாங்களே வாங்கித் தருகிறோம். சந்தை வைக்கோலை அள்ளுங்கள். குவியலைக் கிளறச் சொல்லுங்கள். பகலில் நாய் அந்த அறைக்குள் இருக்கட்டும். இரவில் அது எப்போதும் போலக் காவல் காக்கும். அந்த அம்மா மீதான எச்சரிக்கையைத் திரும்பப் பெறுங்கள், செய்ததற்கு அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

வைக்கோல் அள்ள வண்டி வேண்டும், உத்தரவு வேண்டும், நாளாகும் என்பீர்கள். பூட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். சாவி உங்கள் மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இதைப் படித்ததும் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
உரக்கிடங்குக்கு எதிர்த் தெருவில் குடியிருப்பவன்