மிளகு பறிக்க ஏறுகிறவரின் கொக்கி எவ்வளவு தாங்கும்?

கேள்வி: சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகைப் பறிக்க ஆட்களுக்கு இடுப்பு பெல்ட்டும் கொக்கியும் கயிறும் வாங்கினோம். எதிலும் முத்திரை இல்லை. இரண்டு மிளகு மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம், தாங்கியது. இது போதுமா? – ஏற்காடு வாசகர் ஒருவர்

பதில்: போதாது. மூட்டை அசையாமல் தொங்குகிறது. ஆள் அப்படி இல்லை, விழுந்துதான் கயிற்றை இழுப்பார். 70 கிலோ எடையுள்ளவர் 1 மீட்டர் விழுந்து, கயிறு 10 செ.மீ. நீண்டு அவரை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் கொக்கியின் மேல் விழும் இழுவை சராசரியாகவே 770 கிலோ. உச்சத்தில் அதைவிடக் கூடும். இரண்டு மூட்டை 100 கிலோதான்.

டிராக்டரில் கட்டி இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. உடைந்தால் உடைந்த கொக்கியைப் பற்றி மட்டும் தெரியும். உடையாவிட்டாலும் உள்ளே இழுபட்டு விரிந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அப்படிச் சோதித்த கொக்கியில் ஆள் ஏறவே கூடாது.

நல்ல கொக்கியில் தாங்குதிறன் 'கேஎன்' என்ற அளவில் பொறித்திருக்கும். 1 கேஎன் ஏறக்குறைய 102 கிலோ. 22 கேஎன் என்றால் சுமார் 2,240 கிலோ. ஆனால் வாய் திறந்திருந்தாலும் குறுக்கே இழுபட்டாலும் அந்தப் பலம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அதனால் திருகிப் பூட்டும் வகையே நல்லது. பட்டறையில் கம்பியை வளைத்துச் செய்த கொக்கி பாரம் ஏறியதும் விரிந்துகொடுக்கும்.

எண்ணைப் பொறிப்பது போலிக்காரருக்கும் எளிது. பெல்ட்டில் ஐ.எஸ். 3521 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன்கீழ் சிஎம்/எல் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே பார்க்கலாம், கூச்சம் வேண்டாம்.

இடுப்பு பெல்ட் மரத்தில் சாய்ந்து நின்று வேலை செய்ய மட்டுமே. விழுந்தால் முதுகையும் வயிற்றையும் நசுக்கிவிடும். தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்டுதான் வேண்டும். விழும் வேகத்தை வாங்கிக்கொள்ளும் மடிப்புப் பட்டை அதில் இருந்தால் உடலுக்கு வரும் இழுவை 600 கிலோ அளவில் நின்றுவிடும். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பட்டையை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

பிளாஸ்டிக் நீலக் கயிறு வெயிலில் நைந்துபோகும், ஆளுக்கு ஆகாது. சில்வர் ஓக் கிளை பட்டென்று முறியும். கயிற்றை நடுமரத்தில் சுற்றியே கட்ட வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால் அலுமினிய ஏணியைத் தோட்டத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

கொடியை 5, 6 மீட்டரில் கிள்ளி நிறுத்தினால் ஏறும் உயரமே குறையும். புதிதாக நடுகிறவர்களுக்கு இதுவே மலிவான வழி.

வாங்கிவிட்ட கொக்கிகளுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, மூட்டை தூக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏறும் சாமான்களோடு சேர்த்து வைத்தால், தை மாத அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள்.